பதிவை எழுதும் கை: கட்டளை நிரல்களின் பேச்சும் கணினியின் பொதுப் பதிவேடும்

ஒன்ராறியோவின் றிச்மண்ட் ஹில்லில் யங் வீதிக்கும் பேவியூ அவெனியூவுக்கும் இடையில் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் குவிமாடம் தெரியும். அது டேவிட் டன்லப் வானாய்வகம். 1935 மே 31 அன்று திறக்கப்பட்டபோது அதன் 74 அங்குலத் தொலைநோக்கி உலகிலேயே இரண்டாவது பெரியது. 1971 இல் தொம் போல்ற்றன் என்ற இளம் வானியலாளர் அந்தத் தொலைநோக்கியை சிக்னஸ் விண்மீன் குழுவிலுள்ள ஒரு நீல விண்மீன் பக்கம் திருப்பி, இரவுக்கு இரவு அதன் நிறமாலையைப் படம் எடுத்தார். ஒவ்வொரு படமும் எப்போது எடுக்கப்பட்டது என்பது குறித்து வைக்கப்பட்டது. நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, அந்த விண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றி வருவது தெரிந்தது. சுற்றப்படுவது மட்டும் கண்ணில் படவில்லை. இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்ரரும் போல் மேர்டினும் அதே காலத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். மனிதர் இனங்கண்ட முதல் கருந்துளை என்று இன்று ஏற்கப்படும் சிக்னஸ் எக்ஸ்-1 இப்படித்தான் பிடிபட்டது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. நேரம் குறித்த பதிவுகளிலிருந்து படித்து எடுத்தார்கள்.

அங்கிருந்து தென்கிழக்கே, லெஸ்லி வீதியும் 7 ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் பீவர் கிறீக் பகுதியில், ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தின் சேர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். இரவு நேரத்தில் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டை எழுதியதும் நான்தான். வரிக் காலம் நெருங்கிய ஒரு நாள், அழிந்துபோன ஒரு கோப்பைத் திரும்ப எடுக்கப் போனபோது கடைசி நல்ல பிரதி ஒன்பது வாரம் பழையது என்று தெரிந்தது. டிஸ்க் நிரம்பியிருந்தது. ஸ்கிரிப்ட் அதை ஒவ்வொரு இரவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிறொன், நிரல் சொல்வதை மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் உள்ளது. அந்தச் சேர்வரில் அஞ்சல் மென்பொருள் எதுவும் இல்லை. டெபியன் வகை லினக்ஸில் அப்போது கிறொன் பொதுப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதும்: அஞ்சல் நிரல் நிறுவப்படவில்லை, ஆகவே வெளியீட்டைக் கைவிடுகிறேன். அந்த வரி இரவுக்கு ஒன்றாக இருந்தது. ஒரு பேச்சு எறியப்பட்டது என்பதற்குப் பதிவு இருந்தது. எறியப்பட்ட பேச்சு என்ன என்பதற்கு இல்லை. அதுவும் ஐந்து வாரத்துக்குத்தான். அதற்கு முந்தைய பதிவுக் கோப்புகள் வழமையான சுழற்சியில் அழிந்துவிட்டிருந்தன.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆள் யாரும் முன்னால் இல்லாதபோது ஓடும் ஒரு கட்டளை நிரல் பேசுவதெல்லாம் எங்கே போய்ச் சேர வேண்டும்? என் பதில், அது கணினியின் பொதுப் பதிவேட்டுக்குப் போக வேண்டும், அங்கிருந்து இன்னொரு கணினிக்கும் போக வேண்டும் என்பது. வேலை செய்யும் கையும் பதிவு எழுதும் கையும் வேறாக இருக்க வேண்டும். இதில் புதுமை ஒன்றுமில்லை. இலங்கைப் பாடசாலைகளில் அதிபரிடம் சம்பவத்திரட்டுப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். ஆசிரியர் தன் குறிப்புக் கொப்பியில் எதையும் எழுதலாம், கிழிக்கலாம். சம்பவத்திரட்டில் பதிந்தது அப்படியல்ல. யார், எந்தத் தேதியில், என்ன நடந்தது என்று வேறொருவர் எழுதியிருப்பார். இடையில் பக்கம் போனால் தெரிந்துவிடும். நிரல் தன் சொந்தக் கோப்பில் எழுதுவதற்கும் பொதுப் பதிவேட்டில் எழுதப்படுவதற்கும் உள்ள வேறுபாடும் இதுதான்.

யுனிக்ஸில் ஒவ்வொரு நிரலுக்கும் பிறக்கும்போதே மூன்று வாய்க்கால் கிடைக்கும். 0 உள்ளே வருவதற்கு, 1 வழக்கமான வெளியீட்டுக்கு, 2 பிழைச் செய்திக்கு. ஒரு நிரலின் வெளியீட்டை நேரே அடுத்த நிரலுக்குள் விடும் பைப் 1973 இல் வந்தது. யோசனை டக் மெக்கில்ரோயுடையது, செய்து முடித்தவர் கென் தொம்சன். இப்படி வேலை செய்யும் முறையை உலகுக்குப் புத்தகம் எழுதி விளக்கிய பிறையன் கேர்னிகனும் றொப் பைக்கும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன். 2 ஆம் வாய்க்கால் பிறகு வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்பிய பக்கங்கள் விலை கூடிய தாளில் வெளியே வந்தபோது, கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தியே அழகாக அச்சாகி வந்ததாம். சில தடவை இப்படித் தாள் வீணான பிறகு பிழைக்குத் தனி வழி விடப்பட்டது.

பொதுப் பதிவேடு பிறந்த இடம் பேர்க்லி. 1980களின் தொடக்கத்தில் எரிக் ஓல்மன் தன் அஞ்சல் மென்பொருளான சென்ட்மெயிலுக்காக எழுதியது சிஸ்லொக். அது அஞ்சலைத் தாண்டி எல்லாவற்றுக்கும் பரவியது. எழுத்தில் வகுத்த விதி எதுவும் இல்லாமலே இருபது ஆண்டு ஓடியது. 2001 இல் இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 3164 நடைமுறையில் இருந்ததை எழுதி வைத்தது. 2009 இல் ஆர்எஃப்சி 5424 முறையான விதியாக வந்தது. நிரல் எழுதுபவர் சிஸ்லொக்கை நேரே அழைக்கலாம். ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கும், பிறர் எழுதிய நிரலை ஓட்டுபவருக்கும் ஒரு கட்டளை தேவைப்பட்டது. பேர்க்லியின் யுனிக்ஸ் பதிப்பான 4.3 பிஎஸ்டியோடு 1986 இல் வந்த லொகர் என்ற சின்ன நிரல் அந்த வேலையைச் செய்கிறது. கொடுத்த சொல்லைப் பதிவேட்டில் சேர்க்கும். ஒன்றும் கொடுக்காவிட்டால் பைப் வழியாக வருவதை வரிக்கு வரி சேர்க்கும். நாற்பது ஆண்டாகியும் லினக்ஸ், பிஎஸ்டி எங்கும் இருக்கிறது.

மாற்று வழிகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வெளியீட்டை வெற்றுச் சாதனத்துக்குள் தள்ளிவிடுவது பலர் பழக்கம். தொல்லை இல்லை, தடயமும் இல்லை. சொந்தக் கோப்பில் சேர்ப்பது அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வரிகளில் நேரம் இராது, கோப்பு வளர்ந்துகொண்டே போகும், சுழற்சி முறையை நாமே எழுத வேண்டும், இருபது ஸ்கிரிப்டுக்கு இருபது இடத்தில் கோப்பு கிடக்கும். ஒரே இரவில் எது முன், எது பின் என்று தேடும்போது அந்த இருபதையும் ஒன்றாக அடுக்க வழி இருக்காது. கிறொன் அனுப்பும் அஞ்சல் நல்ல ஏற்பாடுதான், அஞ்சல் போகும் இடத்தில். சில லினக்ஸ்களில் வரும் குறொனி வகைக் கிறொனுக்கு, அஞ்சலுக்குப் பதில் பதிவேட்டுக்கே அனுப்பு என்று சொல்லும் தெரிவு இருக்கிறது. கொள்கலன்களில் ஓடும் நிரல்கள் வெறுமனே 1 ஆம் வாய்க்காலில் பேசினால் போதும், சேர்ப்பது வெளியே இருப்பவன் பொறுப்பு என்பது 2011 இல் ஹிரோக்கு நிறுவனத்தார் எழுதிய பன்னிரண்டு விதிகளில் ஒன்று. அதுவும் இரண்டு கை என்ற இந்தக் கொள்கையேதான். விண்டோஸிலும் நிகழ்வுப் பதிவேடு உண்டு, கட்டளையில் இருந்து எழுதவும் முடியும். இங்கே அதற்குள் போகவில்லை.

லொகருக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும். முதலாவது பெயர்ச் சீட்டு: பேசுவது எந்த ஸ்கிரிப்ட் என்பது. சொல்லாவிட்டால் அதை ஓட்டிய பயனரின் பெயர்தான் விழும். மூன்று மாதம் கழித்துத் தேடும்போது அந்தப் பெயர் எதற்கும் உதவாது. இரண்டாவது, எந்தத் துறை, எவ்வளவு அவசரம். துறைகள் 24, அவசர நிலைகள் 8. 0 என்றால் கணினியே பயன்படுத்த முடியாத நிலை. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரல் எழுதியவருக்கு மட்டுமான நுணுக்கம். துறை எண்ணை எட்டால் பெருக்கி அவசர எண்ணைக் கூட்டினால் கிடைப்பதுதான் செய்தியின் தலையில் ஒட்டப்படும் எண். கிறொனின் துறை 9, பிழை 3, ஆகவே 75. ஒன்றும் சொல்லாவிட்டால் லொகர் பொதுப் பயனர் துறையில் 5 ஆம் நிலை என்று போட்டுவிடும். எல்லாம் 5 ஆக இருக்கும் பதிவேட்டில் பிழையைத் தனியே வடித்து எடுக்க முடியாது. ஆகவே வழக்கமான பேச்சை 6 இலும் 2 ஆம் வாய்க்கால் பேச்சை 3 இலும் அனுப்புவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். சொந்த வேலைகளுக்கென்று 16 முதல் 23 வரை எட்டுத் துறைகள் காலியாக விடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றை அலுவலக ஸ்கிரிப்டுகளுக்கு ஒதுக்கிவிட்டால் தனிக் கோப்பில் பிரிப்பது ஒரு வரி வேலை.

துறைப் பட்டியலில் 7 ஆம் எண், ஆரம்ப இணையத்தின் கலந்துரையாடல் வலையான யூஸ்நெற்றின் செய்திக்கு உரியது. அந்தக் காலத்தின் அடையாளமாக இன்றும் அங்கே நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருபவர் ரொறன்ரோப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஹென்றி ஸ்பென்சர். 1981 முதல் 1991 வரை அங்குள்ள கணினி வழியாகப் போன யூஸ்நெற் செய்திகளை அவர் 141 காந்த நாடாக்களில் சேமித்து வைத்தார். ஆரம்ப இணையப் பேச்சில் இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த நாடாக்களில் இருந்து வந்தது. எழுதியவர்கள் வைத்திருக்கவில்லை, வேறொருவர் வைத்திருந்தார். பதிவேட்டில் தேட நாம் பயன்படுத்தும் வடிவத் தேடல் முறைக்கு எவரும் எடுத்தாளக்கூடிய நிரலகம் எழுதிப் பகிர்ந்ததும் இதே ஸ்பென்சர்.

இனிப் பைப்பின் பொறிகள். பொதுவாகக் காட்டப்படும் வழி, ஸ்கிரிப்டுக்குப் பின்னால் 2>&1 என்று எழுதி இரண்டு வாய்க்காலையும் ஒன்றாக்கி, ஒரு | போட்டு லொகருக்குள் விடுவது. பார்க்க எளிமையாக இருக்கும். இதில் முதல் இழப்பு முடிவு எண். ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் நல்லபடி முடிந்தது, வேறேதும் என்றால் இல்லை. பைப்பில் கடைசி நிரலின் எண்தான் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லின் கையில் கிடைக்கும். பிரதி எடுப்பது தோற்றாலும் லொகர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். ஆக, முடிவு 0. கண்காணிப்புக் கருவி பச்சை விளக்குக் காட்டும். பதிவு சேர்க்கப் போய் தோல்வியை மறைத்துவிடுகிறோம். பாஷ் ஷெல்லில் 2004 இல் வந்த பைப்பெயில் என்ற அமைப்பு இதற்குத்தான்: இடையில் யார் தோற்றாலும் முழுப் பைப்பும் தோற்றதாகக் கொள். யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொது விதியான போசிக்ஸின் 2024 பதிப்பில் அது எல்லா ஷெல்லுக்கும் உரியதாகிவிட்டது. நான் விரும்பும் வழி வேறு. ஸ்கிரிப்டின் தலையிலேயே அதன் 1 ஆம், 2 ஆம் வாய்க்கால்களை லொகர் பக்கம் திருப்பிவிடுவேன். அதன்பின் ஸ்கிரிப்ட் தன் போக்கில் ஓடும், தன் எண்ணோடு முடியும்.

இரண்டாவது இழப்பு நேரம். திரைக்குப் பேசும் நிரல் வரி முடிந்ததும் வரியை வெளியே விடும். பைப்புக்குள் பேசும் அதே நிரல் ஒரு தொகுதி நிரம்பும் வரை மடியில் வைத்திருக்கும். லினக்ஸில் வழக்கமாக 4096 பைட். பத்து நிமிடத்தில் இருபது சிறு வரி சொல்லும் நிரலின் பேச்சு முழுவதும் அது முடியும் கணத்தில்தான் லொகருக்கு வந்து சேரும். இருபது வரிக்கும் ஒரே நேரம் விழும். எந்தக் கோப்பில் எட்டு நிமிடம் நின்றது என்று தெரியாது. 2 ஆம் வாய்க்கால் காத்திராது. ஆகவே பிழைச் செய்தி அதற்குக் காரணமான வரிக்கு முன்னால் பதிவாகியிருக்கும். நிரல் நடுவில் கொல்லப்பட்டால் மடியில் இருந்தது போயே போய்விடும், அதாவது நாம் தேடும் கடைசி வரிகள். வரிக்கு வரி விடச் சொல்லும் கட்டளை ஒன்று லினக்ஸில் உண்டு. பைதான் போன்றவற்றில் அதற்கென்று தனித் தெரிவும் இருக்கிறது. இதைச் செய்யாத பைப்பை நான் முழுப் பதிவாக எடுப்பதில்லை.

2011 நவம்பரில் லெனாட் பொட்ரிங்கும் கை சீவர்ஸும் அறிவித்த சிஸ்டம்டி ஜேர்னல் பைப்பின் தேவையையே குறைத்தது. அதன் கீழ் சேவையாக ஓடும் நிரலின் 1, 2 வாய்க்கால்கள் தொடக்கத்திலேயே ஜேர்னலில் பொருத்தப்பட்டிருக்கும். ஒற்றைக் கட்டளையை அப்படி ஓட்ட சிஸ்டம்டி-காற் இருக்கிறது. பைப் இல்லாததால் முடிவு எண் தப்பும். பேசியவரின் செயல் எண், பயனர், நிரலின் பாதை ஆகியவற்றை ஜேர்னல் தானே இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் கேட்டு எழுதும், நிரல் தன்னைப்பற்றிச் சொல்வதை நம்பாது. என் கொள்கைக்கு மிக நெருங்கிய ஏற்பாடு இது. ஆனால் இரண்டு விடயத்தில் விழிப்பு வேண்டும். நிலையான அடைவு இல்லாத கணினியில் ஜேர்னல் நினைவகத்தில் மட்டும் இருக்கும், மறுதொடக்கத்தோடு அழியும். ஒரு சேவை வரம்புக்கு மேல் பேசினால் மிச்சத்தைக் கொட்டிவிடும்; வரம்பின் அடிப்படை 30 வினாடிக்கு 10,000 வரி. எத்தனை கொட்டியது என்பதை மட்டும் குறித்து வைக்கும்.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அந்தக் கணக்காளர் அலுவலகத்துக்காரர் கேட்டதால் ஸ்கிரிப்டின் செய்திகளைத் தமிழில் எழுதினேன். ஏன் கூடாது? படிக்கப்போவது அவர்கள். ஆனால் சிஸ்லொக் வளர்ந்த காலத்தில் எழுத்து என்றால் ஏழு பிட் ஆங்கில எழுத்துத்தான். யூரிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். க என்ற எழுத்து 224, 174, 149 என்று போகும். 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகளைப் பழைய நிரல்கள் கட்டுப்பாட்டுக் குறிகள் என்று கொள்ளும். அந்த 149 அதற்குள் விழுகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் பதிவு நிரலுக்கு எட்டு பிட்டை அப்படியே விடு என்று சொல்லாவிட்டால் அந்தப் பைட்டை வேறு குறிகளாக மாற்றி எழுதிவிடும், க சிதைந்துவிடும். லினக்ஸில் பரவலாக உள்ள ஆர்சிஸ்லொக் அப்படி வழமையாகச் செய்வதில்லை.

நீளம் இன்னொன்று. மின்தடை என்ற சொல் நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ம, இகர விசிறி, ன, புள்ளி, த, ட, ஐகாரக் கொம்பு என்று ஏழு குறி, 21 பைட். பழைய விதிப்படி ஒரு செய்திக்கு 1024 பைட். லொகரும் இயல்பாக அந்த அளவையே பிடிக்கும். மூன்றால் வகுத்தால் 341 குறியும் மிச்சம் ஒரு பைட்டும். அந்த ஒரு பைட்டில்தான் விபத்து. வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் அந்த வரி செல்லுபடியான யூரிஎஃப்-8 அல்ல. ஜேர்னலில் பார்த்தால் செய்திக்குப் பதில் இத்தனை பைட் கொண்ட குவியல் என்ற அடைப்புக் குறிப்புத்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது ஒருபோதும் நடக்காததால் கையேடுகள் இதைப் பற்றி எச்சரிப்பதில்லை. அளவைக் கூட்டும் தெரிவு லொகரில் இருக்கிறது. தமிழில் பதிவு எழுதுங்கள் என்றே சொல்வேன். வரிகளைச் சுருக்கமாக வையுங்கள், பெயர்ச் சீட்டை மட்டும் ஆங்கில எழுத்தில் விடுங்கள்.

நேரத்துக்கு மறுபடி வருகிறேன். பழைய சிஸ்லொக் நேரக்குறியில் மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி மட்டும். ஆண்டு இல்லை, நேர வலயம் இல்லை. 2025 நவம்பர் 2 அன்று ஒன்ராறியோவில் அதிகாலை 2 மணி மறுபடி 1 மணியானது. அந்த இரவின் பதிவேட்டில் 1:30 இரண்டு தடவை வரும். எது முதல் 1:30 என்று அந்த வரி சொல்லாது. 1996 மே மாதத்தில் இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஒக்ரோபரில் அரை மணி பின்தள்ளியதையும், 2006 ஏப்ரல் வரை அந்த அரை மணி வேறுபாடு நீடித்ததையும் அனுபவித்தவர்களுக்கு இது விளங்கும். எந்த அழைப்பிதழைப் பார்த்தாலும் பழைய நேரமா புது நேரமா என்று கேட்க வேண்டியிருந்தது. உலகுக்குப் பொதுவான நேர முறையை 1879 இல் ரொறன்ரோவிலிருந்து முன்வைத்தவர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங். வானியலாளர்கள் உலகப் பொது நேரத்தைத்தான் குறிக்கிறார்கள். ஆர்எஃப்சி 5424 முறை நேரத்தோடு ஆண்டையும் வலய வேறுபாட்டையும் எழுதும். ஆர்சிஸ்லொக்கில் அதைத் தெரிவுசெய்ய ஒரு வரி மாற்றினால் போதும். இன்னும் மாற்றாமல் இருப்பவர்கள் நவம்பருக்கு முன் மாற்றிவிடுங்கள்.

பதிவு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு 1986 இல் ஒரு வானியலாளர் பதில் சொன்னார். கிளிஃப் ஸ்ரோல் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினி நிர்வாகியாகப் போன புதிதில், கணினிக் கட்டணக் கணக்கு 75 சதம் இடித்தது. அதைத் துருவியபோது யாரோ வெளியிலிருந்து உள்ளே வந்து போவது தெரிந்தது. கணினியின் சொந்தப் பதிவேட்டை வந்தவனால் மாற்ற முடியும். ஆகவே ஸ்ரோல் தொலைபேசி இணைப்புகளோடு அச்சுப்பொறிகளைப் பொருத்தி, வந்தவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் தாளில் பிடித்தார். அவை அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாது. தடம் கடைசியில் மேற்கு ஜேர்மனியின் ஹனோவரில் முடிந்தது. இன்று அச்சுப்பொறிக்குப் பதில் இன்னொரு கணினி. சிஸ்லொக் செய்தியை யூடிபி முறையில் 514 ஆம் வலை வாயில் வழியாக அனுப்பலாம். ஆனால் அதில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை, இடையில் எவரும் படிக்கலாம். குறியாக்கத்தோடு போவதற்கு 6514 ஆம் வாயில் ஒதுக்கப்பட்டுள்ளது. அலுவலகத்துக்கு வெளியே போகும் பதிவுக்கு அதைத் தவிர வேறொன்றை நான் ஏற்கமாட்டேன்.

போய்ச் சேரும் வழியும் தனியாக இருக்க வேண்டும் என்பதைக் கனடா பெரிய விலை கொடுத்துப் படித்தது. 2022 ஜூலை 8 அதிகாலை, றொஜேர்ஸ் வலையமைப்பின் மையத்தில் செய்த ஒரு மாற்றத்தில் ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. மைய ரௌட்டர்கள் தாங்க முடியாத அளவு வழித் தகவலில் மூழ்கின. 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இறந்தன. கடைகளில் இன்ரறாக் அட்டை வேலை செய்யவில்லை, பலரால் 911 ஐ அழைக்க முடியவில்லை. பின்னர் கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான சிஆர்ரிசிக்காகத் தயாரான சோனா பார்ட்னர்ஸ் அறிக்கை சொன்னது இது: வலையமைப்பை நிர்வகிக்கும் வழியும் அதே வலையமைப்பின் மேல் தங்கியிருந்தது, பொறியாளர்களால் ரௌட்டர்களின் பிழைப் பதிவைப் பார்க்க முடியவில்லை, காரணத்தைக் கண்டுபிடிக்க 14 மணி நேரம் போயிற்று. ரௌட்டர்கள் பேசாமல் இல்லை. அவை சொன்னது வெளியே வர வேறு பாதை இல்லை. அன்று பகல் முழுவதும் யங் வீதியில் கைத்தொலைபேசியை உயரத் தூக்கிப் பிடித்து நின்றவர்கள் ஒருவருக்கும் இது தெரிந்திராது.

எல்லாவற்றையும் பதிவேட்டுக்கு அனுப்பு என்று சொல்லும்போது எதை அனுப்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நிரல் ஓடும் ஒவ்வொரு வரியையும் காட்டு என்று ஷெல்லுக்குச் சொல்லிவிட்டு அதை லொகருக்குள் விட்டால், தரவுத்தளக் கடவுச்சொல் அப்படியே பதிவாகும். அங்கிருந்து தொலைவிலுள்ள கணினிக்கும் போகும். வாடிக்கையாளரின் பெயர், சமூகக் காப்புறுதி எண் எதுவும் வரக்கூடாது. பதிவு எழுதும் கை எழுத மட்டும் வேண்டும், எழுதச் சொன்னதை நிறைவேற்றக்கூடாது. 2021 டிசம்பரில் வெளிவந்த லொக்4ஷெல் ஓட்டை அந்த எல்லை மீறப்பட்டதால் வந்தது: ஜாவாவின் பரவலான பதிவு நிரலகம் ஒன்று, பதியக் கொடுத்த வாசகத்துக்குள் இருந்த குறியைக் கட்டளையாக எடுத்துத் தொலைவிலிருந்து நிரலை இறக்கி ஓட்டியது. கனடாவில் 2018 நவம்பர் 1 முதல், தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு மீறல் ஒவ்வொன்றுக்கும் உரிய பதிவை நிறுவனங்கள் 24 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஐந்து வாரத்தில் அழியும் பதிவேட்டை வைத்துக்கொண்டு அப்படி ஒரு மீறல் எப்போது தொடங்கியது என்று எவரும் சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் இப்போது இரண்டு ஆண்டு.

கடைசியாக, மௌனம். 2003 ஓகஸ்ட் 14 பின்னேரம் 4:10 கடந்ததும் ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் இருண்டதை இங்கே அப்போது இருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 5 கோடிப் பேர். ஒஹாயோவில் ஃபேர்ஸ்ற் எனேர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை நிரல் 2:14 க்குப் பிறகு உறைந்துபோனது. 2:41 க்கு அது இருந்த சேர்வர் விழுந்தது. 2:54 க்கு மாற்றுச் சேர்வரும் விழுந்தது. கணினிப் பிரிவினர் சேர்வரை மறுபடி தொடக்கினார்கள். எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் இயக்குபவர்களிடம் கேட்கவில்லை. 3:05 இலிருந்து உயர் மின்னழுத்த வழிகள் ஒவ்வொன்றாக மரங்களில் பட்டுத் துண்டித்தன. வெளியிலிருந்து தொலைபேசியில் கேட்டவர்களுக்கு, எங்கள் திரையில் ஒன்றும் இல்லையே என்ற பொருளில் பதில் போனது. எச்சரிக்கை வராததை அவர்கள் எல்லாம் நலம் என்று படித்தார்கள். இரு நாட்டுக் கூட்டுக் குழு 2004 ஏப்ரலில் தந்த இறுதி அறிக்கையின் 28 ஆம் பரிந்துரை, பதிவுக் கருவிகளின் நேரம் எங்கும் ஒன்றாக ஒத்திசைய வேண்டும் என்பது. ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைச் சரியான வரிசையில் அடுக்கவே விசாரணையாளர்கள் நெடுநாள் பாடுபட்டிருந்தார்கள்.

பிழை வந்தால் மட்டும் பேசும் ஸ்கிரிப்ட் இதே ஆபத்தைக் கொண்டது. அது ஓடாமலே போனாலும் அமைதிதான். ஆகவே அந்த அலுவலகத்துப் பிரதி ஸ்கிரிப்ட் இப்போது வெற்றியையும் சொல்லும்: பிரதி முடிந்தது, இத்தனை கோப்பு, டிஸ்கில் மிச்சம் இத்தனை. அந்த ஒரு வரி பதிவேட்டுக்குப் போகும், வேறிடத்திலுள்ள கணினிக்குப் போகும், அங்கிருந்து காலை எட்டு மணிக்குக் கணக்குப் பார்க்கும் அக்காவின் கைத்தொலைபேசிக்கும் போகும். இலக்கங்களைச் சரிபார்ப்பது அவருக்குப் பழக்கமான வேலை.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு அழைத்தார். "தம்பி, இண்டைக்கு அந்த வரியைக் காணேல்லை."

பதிவேட்டைத் திறந்தேன். முதல் நாள் பின்னேரம் 6:52 க்கு வெளி டிஸ்க் துண்டிக்கப்பட்டது என்று கேர்னல் எழுதியிருந்தது. துப்புரவு செய்தவர்கள் மேசையை நகர்த்தியபோது வயர் கழன்றிருக்கிறது. அக்காவே குனிந்து செருகினார். 8:31 க்கு டிஸ்க் மீண்டும் வந்ததாக அடுத்த வரி விழுந்தது.